வீட்டு ஸ்டுடியோ கேள்வி–பதில்: எந்த வாத்தியத்தை மென்பொருளிடம் ஒப்படைக்கலாம்?

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் (கணினியில் வாத்தியமாக ஒலிக்கும் மென்பொருள்) பற்றித்தான்: எதை வாங்குவது, வாங்கியது ஏன் காதுக்கு இனிக்கவில்லை, சில சமயம் ஏன் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஜிபி கணக்கையும் விலையையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் பாட்டில் அந்த வாத்தியம் வாசிக்கப்போகும் வரி எப்படி வளைகிறது, ஒரே சத்தம் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று முதலில் பாருங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. வீட்டிலேயே பாட்டுக்கு இசை அமைக்க ஆசை. ‘கான்டாக்ட் இல்லாமல் ஒன்றும் நடக்காது’ என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது? — வாசகர், திருச்சி

கான்டாக்ட் என்பது வாத்தியமே அல்ல. சாம்பிள் லைப்ரரிகளை, அதாவது அசல் வாத்தியத்தின் ஒலிகளைப் பதிவுசெய்து வைத்த தொகுப்புகளை, திறந்து வாசிக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதன் முழுப் பதிப்புக்குப் பட்டியல் விலை 299 டாலர். ‘கான்டாக்ட் பிளேயர்’ இலவசம். பிளேயருக்கென்று உரிமம் பெற்ற லைப்ரரிகள் மட்டும் அதில் தடையின்றி ஓடும். மற்றவை 15 நிமிடம் ஓடிவிட்டு ஊமையாகிவிடும். குறைந்த விலை லைப்ரரி ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, அதைத் திறக்கப் பத்து மடங்கு விலையுள்ள பெட்டி வேண்டும் என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். விற்பனைப் பக்கத்தில் ‘முழுப் பதிப்பு தேவை’ என்ற வரி பொடி எழுத்தில் எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

தொடங்குவதற்குக் கான்டாக்ட் தேவையில்லை. ரெக்கார்டிங் மென்பொருளாக ரீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும்; அதற்குப் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டுடியோவில் பீட் போடுவது சுகம்தான். ஆனால் அதன் சோதனைப் பதிப்பில் சேமித்த பாட்டை, காசு கொடுத்து வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. மலிவான ‘ஃப்ரூட்டி’ பதிப்பில் பாட்டுக்குரலைப் பதிவுசெய்யும் வசதியும் கிடையாது. பாடகரை வைத்து வேலை செய்பவர் அதற்கு மேலுள்ள ‘ப்ரொட்யூசர்’ பதிப்பிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

வாத்தியங்களுக்கு வருவோம். பியானோவுக்கு ‘சாலமாண்டர் கிராண்ட்’. யமஹா சி5 பியானோவை 16 விதமான அழுத்தங்களில் பதிவுசெய்து இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அதைத் திறக்க ‘ஸ்ஃபோர்ஸாண்டோ’, அதுவும் இலவசம். டிரம்ஸுக்கு ‘எம்டி பவர் டிரம்கிட்’. சிந்தசைசருக்கு ‘வைட்டல்’ அல்லது ‘சர்ஜ் எக்ஸ்டி’. எண்பதுகளின் யமஹா டிஎக்ஸ்7 மணிச் சத்தம் வேண்டுமானால் ‘டெக்ஸெட்’. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஸ்பிட்ஃபயரின் ‘பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர்’. சுமார் 200 எம்பிதான், உங்கள் 8 ஜிபிக்கு வலிக்காது. இவற்றை வைத்து மூன்று பாட்டை முழுதாக முடித்த பிறகு எது போதவில்லை என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

ரேம் விஷயத்தில் ஒரு தந்திரம்: ஒரு டிராக் முடிந்ததும் அதை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். அது ஆடியோவாக மாறி, பிளக்-இன் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் திறக்கும் துணை மென்பொருள்) பிடித்திருந்த நினைவகத்தை விட்டுவிடும். சாம்பிள்கள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் பாட்டு நடுவில் ‘டிக்... டிக்...’ என்று விட்டுவிட்டு வரும்.

கீயை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. தாளத்தில் நிற்கவே முடியவில்லை. புது லேப்டாப் வாங்க வேண்டுமா? — ஆலயக் கீபோர்டு கலைஞர், பாளையங்கோட்டை

முதலில் ஒன்று சொல்லுங்கள்: ப்ளூடூத் ஹெட்போனிலா கேட்கிறீர்கள்? அப்படியென்றால் எந்த லேப்டாப்பும் உதவாது. ப்ளூடூத் மட்டுமே பெரும்பாலும் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதம் சேர்க்கும். வயர் உள்ளதைச் செருகுங்கள்.

அதன் பிறகும் தாமதம் இருந்தால் டிரைவரைப் பாருங்கள். விண்டோஸின் சாதாரண ஒலி டிரைவர் இந்த வேலைக்கு ஆகாது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) இருந்தால் அதனுடன் வரும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரைப் போடுங்கள். இல்லையென்றால் ‘ஆசியோ4ஆல்’ இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்தது பஃபர்: கணினி ஒரே தடவையில் எத்தனை ஒலிப் புள்ளிகளைச் சேர்த்து அனுப்புகிறது என்ற அளவு. 44,100 ஹெர்ட்ஸில் 1024 பஃபர் என்றால் 23 மில்லி செகண்ட்; 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. டிரைவரும் இன்டர்ஃபேஸும் இதன் மேல் கொஞ்சம் சேர்க்கும். பத்துக்குள் இருந்தால் விரலுக்குத் தெரியாது. வாசித்துப் பதிவுசெய்யும்போது 128 அல்லது 256, மிக்ஸிங்கில் 1024. கீழே இறக்கினால் சத்தம் வெடிக்கிறது என்றால் சிபியூ திணறுகிறது என்று பொருள். அப்போது மற்ற டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள். மாஸ்டர் டிராக்கில் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் அடக்கும் பிளக்-இன்) போட்டிருந்தால் பதிவு முடியும்வரை அணைத்து வையுங்கள். பல லிமிட்டர்கள் முன்கூட்டிப் பார்த்து வேலை செய்பவை, அவையும் தாமதத்தைச் சேர்க்கும்.

வீட்டில் பழைய யமஹா கீபோர்டு இருக்கிறது. அதையே கணினியில் இணைத்து வாசிக்கலாமா, இல்லை மிடி கீபோர்டு தனியாக வாங்க வேண்டுமா? — வாசகி, ஈரோடு

பின்பக்கம் ‘யுஎஸ்பி டு ஹோஸ்ட்’ என்று எழுதிய சதுர வாய் இருந்தால் போதும். பிரிண்டருக்குப் போடும் அதே கேபிள்தான். இணைத்ததும் ஒரே ஸ்வரம் இரட்டையாகக் கேட்கும்: கீபோர்டின் சொந்தச் சத்தம் ஒன்று, மென்பொருளின் சத்தம் ஒன்று. கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்பதை ஆஃப் செய்யுங்கள்.

மிடி கீபோர்டு (எந்தக் கீ எப்படி அழுத்தப்பட்டது என்று மட்டும் கணினிக்குச் சொல்வது) வாங்க வேண்டிய காரணம் இரண்டு உண்டு. உங்கள் மாடலில் டச் சென்ஸிட்டிவிட்டி இல்லையென்றால் எப்படி அழுத்தினாலும் ஒரே வெலாசிட்டிதான் (அழுத்த அளவு) போகும். 16 அடுக்குப் பியானோவில் ஒரே அடுக்குதான் ஒலிக்கும். பிட்ச் வீல் (ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம்) இல்லையென்றால் நம் சங்கீதத்துக்குக் கை கட்டிய மாதிரி. புதிதாக வாங்கினால் 49 கீ போதும். கீ எண்ணிக்கையை விடச் சுழலும் வீல் இருக்கிறதா என்று பாருங்கள். தடவும் பட்டையில் கமகம் பிடிபடுவது கடினம்.

பெடல் தலைகீழாக வேலை செய்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். கீபோர்டை ஆன் செய்யும்போது பெடலின் மேல் கால் இருந்திருக்கும். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

நான் சங்கீத ஆசிரியை. விலை உயர்ந்த வயலின் லைப்ரரி வாங்கினேன். மேற்கத்திய மெட்டு அற்புதமாக வருகிறது. தோடியில் ஒரு வரி வாசித்தால் ஹார்மோனியம் மாதிரி இருக்கிறது. நான் என்ன தவறு செய்கிறேன்? — கும்பகோணம்

தவறு உங்களுடையது அல்ல. அந்த லைப்ரரியைப் பதிவுசெய்தவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக, நேராகப் பிடித்து, அதன் மேல் மேற்கத்திய விப்ரேட்டோவையும் (சீரான நடுக்கம்) சேர்த்து வாசித்திருக்கிறார். நீங்கள் கேட்பதோ ஒரு ஸ்வரம் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும் சங்கீதம். ஆனாலும் ஓரளவு பக்கத்தில் போகலாம்.

முதலில் விப்ரேட்டோ இல்லாத ஒலியைத் தேர்ந்தெடுங்கள். பல லைப்ரரிகளில் ‘நான் விப்ரேட்டோ’ அல்லது ‘சென்ஸா விப்ரேட்டோ’ என்று இருக்கும். ஒரே நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் மோனோ நிலையில் வையுங்கள். பிறகு பிட்ச் பெண்ட் வரம்பு, அதாவது வீலை முழுதாகத் திருப்பினால் ஸ்வரம் எவ்வளவு தூரம் நகரும் என்பது. பெரும்பாலான பிளக்-இன்களில் இது மேலே 2, கீழே 2 அரைஸ்வரம் (அடுத்தடுத்த இரு கீகளுக்கு இடையிலான தூரம் ஓர் அரைஸ்வரம்) என்றுதான் வரும். இது தோடிக்கு அப்படியே பொருந்துகிறது. ‘ஸ’வை ‘சி’ என்று வைத்தால் சாதாரண காந்தாரம் ‘இ ஃப்ளாட்’. அங்கிருந்து 2 அரைஸ்வரம் மேலே போனால் சுத்த மத்தியமம். 2 கீழே வந்தால் சுத்த ரிஷபம். காந்தாரத்தின் அசைவு இந்த இரண்டுக்கும் இடையில்தானே! ஆகவே காந்தாரக் கீயை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வீலை அடியிலிருந்து உச்சிவரை ஓட்டினால் முழுக் கம்பிதமும் கையில் வந்துவிடும். வரம்பை 12 ஆக்கினால் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டு ஜாரு போகலாம். ஆனால் சின்ன அசைவுக்கு வீலை மயிரிழை நகர்த்த வேண்டியிருக்கும், கை நடுங்கினால் அபஸ்வரம். அசைவுகளுக்கு 2, ஜாருவுக்கு 12 என்று இரண்டு டிராக் வைத்துக்கொள்வது உத்தமம்.

வீலில் வராதவர்கள் பியானோ ரோலில் (ஸ்வரங்களைக் கட்டங்களாகக் காட்டும் திரை) கோடாக வரையலாம். பிட்ச் பெண்ட் எண்கள் –8192 முதல் +8191 வரை. அடி எண் ரிஷபம், உச்சி எண் மத்தியமம். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அழகான சீரான அலையாக வரைந்துவிடுகிறார்கள். அது சைரன் மாதிரி ஒலிக்கும். பாடுகிறவரின் தொண்டை ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தைத் தொடுவதில்லை. ஒரு முறை மத்தியமத்தை முழுதாகத் தொட்டால் அடுத்த முறை உரசிவிட்டுத் திரும்பும். கீழே கொஞ்சம் நின்று மேலே சட்டென்று போகும். உங்கள் குரலிலேயே அந்த வரியைப் பாடிப் பதிவுசெய்து, அதை ஒரு டிராக்கில் ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே கோட்டை வரையுங்கள். வரி முடிந்ததும் பெண்ட் பூஜ்யத்துக்குத் திரும்ப ஒரு புள்ளி வையுங்கள். மறந்தால் அடுத்த வரி முழுக்கச் சுருதி விலகி ஒலிக்கும், காரணம் தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இன்னொரு வழி, சாம்பிளே இல்லாத கணித மாதிரி வாத்தியங்கள். ‘ஸ்வாம் வயலின்’ அந்த வகை. சாம்பிளை ரொம்பத் தூரம் வளைத்தால் வயலின் பெட்டியின் அதிர்வும் சேர்ந்து வளைந்து குரல் மாறிப்போகும்; இதில் அந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் எக்ஸ்பிரஷன், அதாவது 11-ஆம் எண் கன்ட்ரோலர், வராவிட்டால் இதில் சத்தமே வராது. வில்லை இழுப்பது யார் என்று கேட்கிறது அது! ஒரு கை பிட்ச் வீலில், எக்ஸ்பிரஷன் பெடலில் கால் என்று பழகிவிட்டால் பல பெரிய லைப்ரரிகளை விட இது நம் சங்கீதத்துக்கு வளைந்து கொடுக்கும். சோதனைப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வீணை, சிதார் போன்ற மீட்டும் வாத்தியங்களில் பெண்ட் இதைவிட நன்றாக எடுபடும். அசலிலும் தந்தியை இழுத்துத்தானே வளைக்கிறோம். ஒலி முழுதாக அடங்கும் முன் வீலை விட்டுவிட்டால் மட்டும் வால் வழுக்கிக்கொண்டு இறங்கும். நாதஸ்வரத்தை இந்த முயற்சியில் இழுக்காதீர்கள். ஒரு கலைஞரை ஒரு மணி நேரம் வரவழைத்துப் பதிவுசெய்வது எல்லா வகையிலும் லாபம்.

மிருதங்கம், தபேலா பிளக்-இன் பாவிக்கிறேன். தனித்தனியாக ஒவ்வொரு சொல்லும் நல்லாய் இருக்குது, சேர்த்து வாசித்தால் மெஷின் அடிக்கிற மாதிரிக் கேட்குது. சுருதியை மாற்றினால் இன்னும் மோசம். — வாசகர், யாழ்ப்பாணம்

ஒரே பதிவு அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால்தான் மெஷின் சத்தம். வாங்கும்போது ‘ரவுண்ட் ராபின்’ எத்தனை என்று பாருங்கள்: ஒரே சொல்லை எத்தனை தடவை தனித்தனியாகப் பதிவுசெய்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகிறார்கள் என்ற கணக்கு அது. ‘தகதிமி’ மாதிரி வேகமான சொற்கட்டுக்கு ஒரு சொல்லுக்கு 4 ஆவது வேண்டும். மேற்கே இருந்து வரும் ‘இந்தியா’ தொகுப்புகள் பலவற்றில் தபேலாவுக்கு இருக்கும் கவனம் மிருதங்கத்துக்கு இருக்காது. இந்திய வாத்தியங்களுக்கென்றே வரும் ‘ஸ்வர்பிளக்’ போன்றவற்றின் மாதிரி ஒலிகளைக் கேட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கையில் இருப்பதில் ரவுண்ட் ராபின் இல்லையென்றால்: ‘த’வும் ‘க’வும் ஒரே வெலாசிட்டியில் இருக்கக்கூடாது. பலமான சொல் 100 என்றால் அடுத்தது 78, அதற்கடுத்தது 85 என்று கையால் மாற்றுங்கள். தானாக மாற்றும் ஹியூமனைஸ் பொத்தான் தாளத்தின் எடுப்பு எது என்று அறியாமல் கண்டபடி மாற்றும். சமத்தில் விழ வேண்டிய அடி நொண்டும்.

சுருதி மோசமாவதற்குக் காரணம், நீங்கள் மிடி ஸ்வரங்களை மேலே நகர்த்தியிருப்பீர்கள். தாள வாத்திய பிளக்-இன்னில் ஒவ்வொரு கீயும் ஒரு சொல். 2 கீ நகர்த்தினால் சுருதி மாறாது, ‘தொம்’ இருந்த இடத்தில் ‘சாபு’ வந்து உட்காரும். பிளக்-இன்னின் ‘ட்யூன்’ குமிழைத்தான் திருப்ப வேண்டும். அதிலும் இன்னொரு சிக்கல்: முழு மிருதங்கமும் சேர்ந்து ஏறினால் தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்கம்) மெலிந்து பொம்மை மாதிரி ஒலிக்கும். பிளக்-இன்னை இரண்டு டிராக்கில் திறந்து, வலந்தலைச் சொற்களை ஒன்றிலும் தொப்பிச் சொற்களை மற்றதிலும் பிரியுங்கள். வலந்தலையை மட்டும் ஷட்ஜத்துக்குச் சேருங்கள். 2 அரைஸ்வரத்துக்கு மேல் போக வேண்டியிருந்தால் அந்தப் பதிவு உங்கள் சுருதிக்கானது இல்லை.

நடைக்கு ரீப்பரில் கிரிட் அளவை நீங்களே தட்டச்சு செய்யலாம். ஓர் அட்சரத்தைக் கால் நோட்டாக வைத்தால் திஸ்ரத்துக்கு 1/12, கண்டத்துக்கு 1/20, மிஸ்ரத்துக்கு 1/28.

தயார் லூப்களைப் பாவித்தால் ஒரு எச்சரிக்கை. உரிமம் உங்களிடம் இருந்தாலும் அதே லூப்பை வைத்து வேறொருவர் முன்பே பாட்டு வெளியிட்டுப் பதிவுசெய்திருந்தால், உங்கள் யூடியூப் காணொளிக்கு உரிமைக் கோரல் வரக்கூடும். வாங்கிய ரசீதையும் உரிம வாசகத்தையும் எடுத்து வையுங்கள், முறையிடும்போது தேவைப்படும்.

பாடகி ஐந்தரைக் கட்டை. தம்புராவுடன் பியானோ சேர்த்தால் ஏதோ உரசுகிறது. — வாசகர், கோவை

ஐந்தரை என்றால் ‘ஜி ஷார்ப்’. தம்புரா அசல் பதிவாக இருந்தால் அது துல்லியமாக அந்த இடத்தில் இருக்காது. ட்யூனர் பிளக்-இன் போட்டு எத்தனை சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகியிருக்கிறது என்று பார்த்து, மற்ற எல்லா வாத்தியங்களையும் அந்த அளவுக்கு நகர்த்துங்கள். தம்புராவை நகர்த்தாதீர்கள். பிறகும் உரசினால் குற்றவாளி அந்தர காந்தாரம். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் பியானோவின் காந்தாரத்தை விடச் சுமார் 14 சென்ட் தாழ்வு. பியானோ கார்டில் காந்தாரத்தை விட்டுவிட்டு ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடித்தால் உரசல் போய்விடும். சிந்தசைசர் என்றால் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் இரண்டும் ‘ஸ்காலா’ எனும் சுருதி அளவுக் கோப்பை ஏற்கும். சுருதிகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரிங்ஸ் ஆர்கன் மாதிரி ஒலிக்கிறது. பெரிய லைப்ரரி வாங்கினால் சரியாகுமா? — வாசகர், டொராண்டோ

ஆகாது. இரண்டு கையாலும் கார்டு பிடித்து ஒரே டிராக்கில் வாசிக்கிறீர்கள். அதைப் பிரித்து மேல் ஸ்வரத்தை முதல் வயலினுக்கும், அடுத்ததை இரண்டாம் வயலினுக்கும், பிறகு வியோலா, செல்லோ என்றும் கொடுங்கள். வயலின் நடு ‘சி’க்குக் கீழுள்ள ‘ஜி’க்குக் கீழே இறங்காது, அங்கே வியோலாதான். ஒவ்வொன்றுக்கும் மாட் வீலை (பிட்ச் வீலுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரம்) தனித்தனியாக அசைத்துப் பதிவுசெய்யுங்கள். பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரிகளில் ஏற்ற இறக்கம் அந்த 1-ஆம் எண் கன்ட்ரோலரில்தான் இருக்கிறது. நீண்ட வில் ஒலிகள் மெதுவாக எழுவதால் தாளத்துக்குப் பின்னால் விழும். டிராக்கை 60 முதல் 100 மில்லி செகண்ட் முன்னே இழுங்கள். டிஸ்கவரில் இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, பிறகும் வேண்டுமானால் அதே வரிசையின் ‘கோர்’ பதிப்புக்குப் போங்கள்.

இன்ஸ்டால் செய்த பிளக்-இன் பட்டியலிலேயே வரவில்லை. வந்த இன்னொன்றில் ‘சாம்பிள்ஸ் மிஸ்ஸிங்’ என்கிறது. — வாசகர், சேலம்

முதலாவதற்கு பிளக்-இன்னின் கோப்பு வடிவத்தை (ஏயு, ஏஏஎக்ஸ், விஎஸ்டி3) பாருங்கள். கராஜ்பேண்டும் லாஜிக்கும் ஏயு மட்டுமே ஏற்கும், ப்ரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் மட்டும். ரீப்பர், கியூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ விஎஸ்டி3-ஐ ஏற்கும். விண்டோஸில் விஎஸ்டி3 கோப்பு சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 என்ற ஃபோல்டரில் இருக்க வேண்டும். வேறெங்காவது இருந்தால் நகர்த்திவிட்டு ரீ-ஸ்கேன் கொடுங்கள். மிகப் பழைய இலவச பிளக்-இன்கள் 32 பிட்டாக இருக்கும், அவற்றைப் பல மென்பொருள்கள் கண்டுகொள்வதே இல்லை.

இரண்டாவது, நீங்கள் லைப்ரரி ஃபோல்டரை இடம் மாற்றியதால் வருவது. எச்சரிக்கைப் பெட்டியில் ஒவ்வொரு கோப்பாகத் தேடாமல், ஃபோல்டரைக் காட்டும் தேர்வை எடுத்துப் புதிய இடத்தைக் காட்டுங்கள். முழுக் கான்டாக்ட் இருந்தால் ‘பேட்ச் ரீசேவ்’ ஒரு முறை ஓட்டினால் அந்தப் புதிய பாதை நிலைத்துவிடும். ஓட்டும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வெளி டிரைவில் சாம்பிள் வைத்திருப்பவர்கள், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிரைவுக்கு நிரந்தரமாக ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். இன்று ‘இ’, நாளை ‘எஃப்’ என்று மாறினால் இதே பெட்டி தினமும் வரும்.